புரோநோட்டின் பின்பக்கம்

1980களின் கடைசியில் சங்கரன்கோவிலில் என் அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். அம்மா தார் சுற்றினாள். கடன் வாங்கியதும் நோட்டில் கையெழுத்துப் போட்டதும் அப்பா. வட்டி தவறினால் கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போய் நிற்பது அம்மா. அதுவும் புறவாசலில். என்னையும் கூட்டிப்போவாள். பெண்பிள்ளை பக்கத்தில் நின்றால் எதிராளி வாயை அடக்கிப் பேசுவார் என்பது அவள் அனுபவம்.

அம்மா கெஞ்சியதாக நினைவில்லை. பேரம்தான் பேசினாள். இந்த மாதம் பாதி வட்டி, ஆடித்தபசு கழிந்து மீதி என்பாள். பணத்தைக் கொடுத்ததும், "அண்ணாச்சி, இதை நோட்டுக்குப் பின்னால வரவு வச்சிருங்க" என்பாள். "வைப்போம் தாயி, நான் எங்க ஓடியா போயிருவேன்?" என்பார் அவர்.

புரோநோட்டுக்கு 3 ஆண்டுதான் ஆயுள். அதற்குள் வழக்குப் போட வேண்டும். கடன்பட்டவர் ஒப்பமிட்டுப் பின்பக்கம் வரவு எழுதினால் அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு கிடைக்கும். கடன் கொடுத்தவருக்கும் அது ஆதாயம்தான். ஆனால் ஒழுங்காக எழுதினால் அவர் மொத்தம் எவ்வளவு வாங்கினார் என்பதும் வெளியே வந்துவிடும். எங்களுக்கு 3 ஆண்டு முடியும்போதெல்லாம், நின்ற வட்டியை அசலில் சேர்த்துப் புது நோட்டு எழுதினார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார்.

பின்னாளில் 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைப் படித்தபோது இந்த நோட்டு நினைவுக்கு வந்தது. ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சட்டம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியை அது தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இரு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. கட்டியதை நிரூபிக்க வேண்டும். வரவு எழுதாத நோட்டை வைத்து எப்படி நிரூபிப்பது? தவிர, அந்தச் சட்டத்தில் விவசாயி என்றால் நிலத்தில் விற்கத்தக்க உரிமை உள்ளவர். நிலமில்லாத நெசவுக்காரிக்கும் கூலிக்காரிக்கும் அதில் இடமில்லை.

அந்தச் சட்டம் பெண்ணைத் தனியே குறிப்பிடவும் செய்தது. வேறு சொத்தில்லாத பெண்ணுக்கு வரவேண்டிய, அசல் 3,000 ரூபாய்க்கு மிகாத கடனுக்கு விலக்கு அளித்தது. கைப்பணத்தை வட்டிக்கு விட்டு வாழ்ந்த கைம்பெண்களுக்கு அது பாதுகாப்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடன் கொடுத்த பெண்ணைக் கண்ட சட்டத்தின் கண்ணில், புருஷன் கடனுக்காகப் புறவாசலில் நின்றவள் படவில்லை.

1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், தெருவோர வியாபாரப் பெண்களைச் சிறு குழுக்களாக்கி, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க வைத்து, வங்கிக் கடன் வாங்கித் தந்தது. பெண் தன் பெயரிலேயே கடனாளி ஆனாள். கணக்குக் கேட்கும் உரிமையும் அதோடு வந்தது. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம், மீட்டர் வட்டி, தண்டல் என்று எங்கள் தெருவின் சொற்களையே எடுத்து விளக்கம் எழுதி, 3 ஆண்டு வரை சிறை என்றது. ஆயினும் 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு தம்பதி இரு பெண்குழந்தைகளோடு தீக்கிரையானார்கள். வாங்கியதைவிடக் கூடுதலாகக் கட்டிவிட்டோம் என்று முன்பே மனு கொடுத்திருந்தவர்கள் அவர்கள்.

2022இல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு விதித்த நெறிமுறைகளை என் மாணவிகளுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டுகிறேன். கடன் அட்டை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணையும், கடன் தீர்ந்ததும் அதில் பதிவாக வேண்டும். கட்ட முடியாமல் தவிப்பவரை இனங்கண்டு, அவரோடு பேசி, உள்ள வழிகளைச் சொல்ல நிறுவனத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது.

இதையெல்லாம் எங்கள் தெருவில் பீடி சுற்றும் மதினி ஒருத்தியிடம் சொன்னேன். அவளுக்கு மூன்று தவணை பாக்கி. அடுத்த முறை வசூலுக்கு வந்த பையனிடம், "தம்பி, மொதல்ல அட்டையில எழுது. பெறகு பேசுவோம்" என்றாள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டாள். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அவள் பேசியது முன்வாசலில், பகலில், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

எங்கள் கடன் கடைசியில் அம்மாவின் சங்கிலியை விற்று அடைந்தது. திரும்பி வந்த நோட்டை அம்மா கிழிக்கவில்லை. இன்று அது என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில் ஒரு வரி இல்லை. உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒரு தாள் கிடக்கலாம். எடுத்துத் திருப்பிப் பாருங்கள். யார் பெயரில் கடன், யார் கொண்டுபோய்க் கட்டியது என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.