தலைமாட்டில் ஒரு பெட்டி

அப்பாவின் தலைமாட்டில் செம்பில் தண்ணீர். அதை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் குழாய் அவர் மூக்கில் மாட்டியிருக்கும் மாஸ்க்கில் போய் முடிகிறது. டாக்டரிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் அக்கா வரை எல்லோரும் அதை ‘சீபாப் மெஷின்’ என்கிறார்கள். காற்றைத் தள்ளுவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. ஆனால் அது பிறந்த விதம், தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை.

ஒருவர் குறட்டை விட்டால், ‘பாவம், அசந்து தூங்குகிறார்’ என்போம். உண்மையில் அந்த மனிதர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு, மூச்சை உள்ளே இழுக்கிற வேகத்திலேயே தொண்டை ஈரப் பைபோல ஒட்டிக்கொள்ளும். குறட்டை சட்டென்று நிற்கும். 10 வினாடி, 20 வினாடி, சில சமயம் அதற்கும் மேல். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளை உலுக்கும். பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். எழுந்தது அவருக்கே தெரியாது. முழுசாகவோ பாதியாகவோ இப்படி மூச்சு அடைபடுவது மணிக்கு 30 தடவையைத் தொட்டால் நோய் தீவிரம் என்று கணக்கு.

தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வருவதை 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டு சொன்னார்கள். கண்டு சொல்லியும் 15 வருஷம், நோய் முற்றியவர்களுக்கு உறுதியான வழி ஒன்றுதான் இருந்தது: கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகுவது. அடைப்புக்குக் கீழே மூச்சுக்கு வேறு வாசல்.

1980 ஜூனில் சிட்னியில் ஒரு கட்டடத் தொழிலாளிக்கும் அதையே சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். ஆனால் தனக்கு என்ன நடக்கிறது என்று அறிய ஆர்வம் இருந்தது. சோதனைக்கு உட்காரத் தயார் என்றார். அவரைப் பார்த்துவந்த டாக்டர் காலின் சல்லிவன், அதற்குமுன் கனடாவின் டொராண்டோவில் எலியட் பிலிப்சனுடன் நாய்களின் தூக்கத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தவர். நாயின் மூக்குக்கு மாஸ்க் செய்து பழகிய கை. அவர் யோசனை இதுதான்: உள்ளிழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும் தொண்டையை, மூக்கு வழியாக ஓயாமல் காற்றை அழுத்திக்கொண்டே இருந்தால் விரித்து வைக்கலாமே?

வேக்குவம் கிளீனரின் காற்றுப்பெட்டி போன்ற ஒன்று, சில குழாய்கள், மூக்குக்கு ஒரு மாஸ்க். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்துவதாகத்தான் திட்டம். அழுத்தத்தைக் கூட்டினார்கள், மூச்சு சீரானது. குறைத்தார்கள், மறுபடி அடைத்தது. கூட்டினார்கள், மறுபடி திறந்தது. ஒரு மனிதரின் மூச்சைக் குழாயடியில் தண்ணீர் திறப்பதுபோல் திறந்து மூட முடிந்தது. அப்புறம் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. இரவு முழுக்க ஓடவிட்டார்கள். காலையில் எழுந்தவர், பல வருஷங்களுக்குப் பிறகு தெளிவாக விழித்திருப்பதாகச் சொன்னார். 1981இல் 5 நோயாளிகளின் முடிவுகள் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன.

ஆரம்பத்தில் மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் சிலிகோன் பசையால் முகத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். அப்படியும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டார்கள் என்றால், நல்ல தூக்கம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய பொருளாக இருந்திருக்க வேண்டும்! வார் வைத்த மாஸ்க், சத்தம் குறைந்த மோட்டார் எல்லாம் பிறகு வந்தவை.

வயதானவர்களின் மறதிக்கும் இந்த மூச்சடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி தாமதமாகத்தான் எழுந்தது. 2011இல் ஆய்வாளர் கிறிஸ்டீன் யாஃபே குழுவினர், மறதி நோய் இல்லாத 298 மூதாட்டிகளைப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். சராசரி வயது 82. ஏறக்குறைய 5 வருஷம் கழித்துப் பார்த்தபோது, தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு நினைவாற்றல் தேய்ந்திருந்தது அல்லது மறதி நோயே வந்திருந்தது. மற்றவர்களில் 31 சதவீதம். இந்த மெஷினை மாட்டினால் மறதி நோய் வராது என்று எவரும் இன்னும் நிரூபிக்கவில்லை. அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். பகல் தூக்கம் தெளிகிறது, கவனம் கூடுகிறது. அதுவே பெரிய விஷயம்.

பேரன் பெயரைத் தேடித் தடுமாறுகிறார், நாளிதழை விரித்தபடியே தலை தொங்கிவிடுகிறது என்றுதான் அப்பாவை அழைத்துப் போனோம். ‘வயசாச்சு இல்ல’ என்ற பதிலுக்கு மனதைத் தயார்செய்துகொண்டுதான் போனேன். டாக்டர் அப்பாவை விட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

“ராத்திரி இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதாம்மா?”

“ஆமா டாக்டர், நாப்பது வருஷமா. நின்னா நான் காலால ஒரு தட்டு தட்டுவேன். வந்துடும்.”