மடுத் திருப்பதியும் அதன் திடலும்

இலங்கையில், அரிப்பு முதல் மாந்தை வரையான மன்னார்க் கரையோரத்தில், முத்துக்குளிப்பும் மீன்பிடியும் செய்த குடிகளிடையே போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கம் வேரூன்றியது. 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் அந்தச் சமயத்துக்குத் தடை வந்தது. 1670 அளவில் மாந்தையிலிருந்து ஏறத்தாழ இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சுரூபத்துடன் உள்நாட்டுக் காட்டுக்குள் இடம்பெயர்ந்தன என்கிறது மரபு. அவை தங்கிய இடமே மருதமடு, சுருக்கமாக மடு. ஒளிந்து வழிபடத் தேர்ந்த காடுதான் பின்னர் நாடே கூடும் இடமாயிற்று.

இன்றைய ஆலயத்துக்கு 1872இல் ஆயர் பொன்ஜீன் அடிக்கல் நாட்டினார். 1924 யூலை 2இல் சுரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. 1944இல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது.

கட்டடம் வளர்ந்தபோது அதைச் சூழ்ந்த திடலும் விரிந்தது. திருப்பதியின் உயிர் உண்மையில் அங்கேதான். ஆடி, ஆவணித் திருவிழாக்களில் தமிழரும் சிங்களவரும் மரநிழலில் கூடாரமடித்து, அங்கேயே சமைத்து, நாட்கணக்கில் தங்குவர்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதே திடல் அகதிமுகாமாயிற்று. 1999 நவம்பரில் எறிகணை வீழ்ந்து, தஞ்சமடைந்திருந்தோர் பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் பாதுகாப்புக்காகச் சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது, ஆகஸ்ட்டில் திரும்பியது. சேதமுற்ற ஆலயம் பிறகு சீரமைக்கப்பட்டது. 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே செபித்தார். அன்றும் மக்கள் திரண்டது ஆலயத்தின் முன்னாலிருந்த அந்த வெட்டவெளியில்தான்.