புறக்கடைக் கோழி வளர்ப்பு: முதல் தடவை நட்டப்பட்டவர்கள் மீண்டும் தொடங்குவது எப்படி?

பத்து நாட்டுக்கோழி வாங்கி விடுகிறீர்கள். மூன்று மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். ஒரு நாள் காலையில் கூட்டைத் திறந்தால் இரண்டு கோழி சுருண்டு கிடக்கின்றன. மறுநாள் நான்கு. வாரம் முடியும்போது கூடு காலி. "உங்க வீட்டுக்குக் கோழி ராசி இல்லை" என்று பார்ப்பவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதன்பிறகு அந்தக் கூட்டில் விறகு அடுக்கப்படுகிறது.

கோழி வளர்ப்புப் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கதை இது. மாடு செத்தால் ஊரே வந்து துக்கம் விசாரிக்கும். கோழி செத்தால் யாரும் கேட்பதில்லை. ஆனால் முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் பல வீடுகளில் பெண்கள் யாரிடமும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய ஒரே பணம். பிள்ளைக்கு நோட்டு வாங்குவது, மருந்துக்கடைக்குப் போவது, மகளிர் குழுத் தவணை கட்டுவது எல்லாம் அதில்தான் நடக்கின்றன. அதனால் இந்த நட்டத்தைச் சின்ன நட்டம் என்று சொல்லிவிட முடியாது.

கோழி சாவதற்கு ராசி காரணமில்லை. கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் உண்டு. அவற்றில் மிகப்பெரிய காரணம் உங்கள் வேலிக்குள் முடிவதில்லை, தெரு முழுவதையும் சேர்ந்தது. ஆகவே அதற்கான தீர்வையும் தெருவோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

எதனால் செத்தன என்று முதலில் பாருங்கள்

காரணம் தெரியாமல் மறுபடியும் குஞ்சு வாங்கினால் அதே நட்டம் மறுபடியும் வரும். கீழ்க்கண்டவற்றில் உங்களுக்கு நேர்ந்தது எது என்று நினைத்துப் பாருங்கள்.

வெள்ளைக்கழிச்சல்: சிறிது, பெரிது என்ற வித்தியாசம் இல்லாமல் நாலைந்து நாளில் வரிசையாகச் செத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இதற்கு இராணிக்கெட் நோய் என்றும் பெயர். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர்போலப் போகும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தப்பிய சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். இது நச்சுயிரியால் வருவதால் வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கோழிகளில் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடக்கூடும்.

இரத்தக்கழிச்சல்: மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இதுவாக இருக்கலாம். கூட்டுத் தரை ஈரமாக இருப்பதே முக்கியக் காரணம். கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டினால் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம்.

அம்மை: கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்து பொருக்குத் தட்டும். கொசுக்கடியால் பரவும். கண் மூடிப்போய் இரை எடுக்க முடியாமல் குஞ்சுகள் செத்துவிடும். தண்ணீரும் இரையும் கையால் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் பல பிழைக்கும்.

குளிர்: வாங்கி வந்த ஒரு நாள் குஞ்சுகள் முதல் பத்து நாளில், பெரும்பாலும் இரவில், ஒன்றன்மேல் ஒன்று குவிந்து செத்திருந்தால் காரணம் வெப்பம் போதாமை. முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. குஞ்சுகள் குண்டு பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர்கிறது என்று அர்த்தம். வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது.

பருந்து, காக்கை, கீரி, பூனை, நாய்: குஞ்சுகள் சாகாமல் காணாமல் போனால் காரணம் இவைதான். முதல் ஐந்தாறு வாரம் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதும், பொழுது சாயுமுன் கூட்டை அடைப்பதும், கீரி நுழையாத சிறு கண் கம்பிவலை அடிப்பதும் இந்த இழப்பைப் பெரிதும் குறைக்கும்.

செத்த கோழியை என்ன செய்தீர்கள்?

பயிற்சியில் இதைக் கேட்டால் பலர் பேசாமல் இருப்பார்கள். முள்ளுக்காட்டிலோ ஓடையிலோ வீசியிருப்பார்கள். நாயும் காக்கையும் அதை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும், நோயும் கூடவே போகும். சிலர் நோய் கண்ட கோழிகளைக் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். அந்தக் கோழி சந்தைக்குப் போய் இன்னொரு ஊருக்கு நோயைக் கொண்டுபோகும். அந்த நூறு இருநூறு ரூபாய் யாரோ ஒரு வீட்டுக் கூட்டைக் காலி செய்து கிடைத்த பணம்.

செத்த கோழியைக் கிணற்றுக்குத் தள்ளி, மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் அறுக்கவோ சமைக்கவோ கூடாது. உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்பதை அவர்கள்தான் சோதித்துச் சொல்ல முடியும். கூடவே பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் உங்கள் கோழி திரும்பி வராது. சொன்னால் அவர்கள் கோழியை அடைத்து வைத்துக்கொள்ள வழி கிடைக்கும்.

தடுப்பூசி ஏன் தெரு வேலை?

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போடும் அளவு இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. பத்துக் கோழி வைத்திருக்கும் வீடு தனியாக இதைச் செய்யத் தயங்குவது இயல்பு. பத்து வீடு சேர்ந்தால் நூறு கோழி, ஒரு குப்பி, ஒரு காலைப்பொழுது.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கோழியும் எதிர்வீட்டுக் கோழியும் ஒரே குப்பைமேட்டைக் கிளறுகின்றன. எதிர்வீட்டில் தடுப்பூசி போடாவிட்டால், நீங்கள் அடுத்துப் பொரிக்கும் குஞ்சுகளுக்கு நோய் வாசலிலேயே காத்திருக்கும்.

இப்படிச் செய்யுங்கள்:

1. மகளிர் குழுக் கூட்டத்திலோ நூறு நாள் வேலை இடத்திலோ பேசி, எந்த வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

2. அந்தக் கணக்கோடு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்களில் இந்தத் தடுப்பூசி இலவசம். கோடைக்கு முன்பாகப் பிப்ரவரியில் சிறப்பு முகாம்களும் நடத்தப்படுகின்றன. உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று கேட்டு வாங்குங்கள்.

3. முந்தின நாள் மாலையே எல்லா வீட்டிலும் கோழியை அடைத்துவிடுங்கள். விடிந்து திறந்துவிட்டால் பிடிக்க முடியாது.

4. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். எடுத்துவர பனிக்கட்டி போட்ட தெர்மாஸ் பிளாஸ்க் போதும். பையில் போட்டு வெயிலில் கொண்டுவந்த மருந்தைப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான்.

5. போட்ட தேதியை நோட்டில் குறித்து, அடுத்து எப்போது என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள்.

"ஊசி போட்டதால்தான் செத்தது" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. நோய் உடம்பில் புகுந்து அறிகுறி காட்ட இரண்டு முதல் பதினைந்து நாள் ஆகும். ஊரில் நோய் வந்தபின் அவசரமாக ஊசி போட்டால், ஏற்கனவே நோய் புகுந்த கோழிகள் சாகத்தான் செய்யும், பழி ஊசிமேல் விழும். எனவே நோய் இல்லாத நாளில், தெளிவாக இருக்கும் கோழிக்கு மட்டும் போட வேண்டும்.

குஞ்சுக்கான கால அட்டவணை

7ஆம் நாள்: லசோட்டா அல்லது எஃப் வகை மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு.

28ஆம் நாள்: லசோட்டா மறுமுறை. குடிதண்ணீரில் கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் எடுங்கள்.

6ஆம் வாரம்: அம்மை வரும் பகுதிகளில் அம்மைத் தடுப்பூசி.

7ஆம் வாரம்: குடற்புழு நீக்க மருந்து.

8ஆம் வாரம்: வெள்ளைக்கழிச்சலுக்கு இறக்கைக்கு அடியில் தோலில் போடும் ஊசி, அரை மில்லி. இதை எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளுக்குப் போடக்கூடாது.

ஊசியை மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ போடட்டும். சொட்டு மருந்து விடுவதை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் நீங்களே செய்யலாம். கீழாநெல்லி, மஞ்சள், சீரகம், பூண்டு கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது.

ஒரே நாளில் அடை வையுங்கள்

ஒரு வீட்டில் எட்டுக் குஞ்சு, அடுத்த வீட்டில் பத்து நாள் கழித்துப் பத்துக் குஞ்சு என்று பொரித்தால் யாருக்கும் ஏழாம் நாள் மருந்து ஒத்துவராது. மூன்று நான்கு வீட்டில் அடைக்கோழி இருந்தால் பேசிவைத்து ஒரே நாளில் அடை வையுங்கள். 21ஆம் நாள் எல்லா வீட்டிலும் குஞ்சு. அதிலிருந்து ஏழாம் நாள் எல்லோருக்கும் ஒரே குப்பி.

ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம். முட்டை ஒரு வாரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும், கோடையில் அதைவிடப் புதியதாக எடுங்கள். ஈரமணல் பரப்பிய பானையில் வைத்தால் கெடாது. ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்திபோல இரத்தநாளம் தெரிந்தால் கரு உண்டு. ஒன்றுமே தெரியாதவற்றை எடுத்துவிடலாம்.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு

எல்லாம் செத்துப்போனவர் உடனே காசு போட்டு வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். நம் ஊர்களில் ஆடு, கோழியை வாரத்துக்கு விடும் வழக்கம் இருக்கிறது. ஒருவர் பெட்டைக்கோழி கொடுப்பார், மற்றவர் வளர்ப்பார், குஞ்சில் ஆளுக்குப் பாதி. கோழி தப்பிய வீட்டுக்காரர், நட்டப்பட்டவருக்கு ஒரு பெட்டையை வாரத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். அடைக்கோழி இல்லாதவருக்கு உங்கள் அடைக்கோழியை இரவல் கொடுங்கள், அல்லது அவருடைய ஆறு முட்டையை உங்கள் கோழியில் சேர்த்து வையுங்கள். பங்கு எவ்வளவு, கோழி செத்தால் யார் பொறுப்பு என்பதை இரண்டு பேர் முன்னால் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பின்னால் மனத்தாங்கல் வராது.

மீண்டும் தொடங்கும் முன்

பழைய கூட்டின் எச்சம், வைக்கோல், உமி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதையுங்கள். கழுவிச் சுண்ணாம்பு அடித்து, வெயில் பட விட்டு, ஒரு மாதமாவது காலியாக வையுங்கள். பிறகு ஐந்து பெட்டை, ஒரு சேவல் போதும். ஐம்பதில் தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

புதிதாக வரும் எந்தக் கோழியையும், சந்தையில் வாங்கியதானாலும் உறவினர் கொடுத்ததானாலும் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட வாங்கிய சேவலானாலும், பதினைந்து நாள் தனியே அடைத்து வைத்தபின்தான் மற்றக் கோழிகளோடு விட வேண்டும். பல வீடுகளில் நோய் நுழைவது இந்த ஒரு சேவல் வழியாகத்தான்.

வாங்கிய நாள், மருந்து கொடுத்த நாள், அடை வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, செத்தது, காணாமல் போனது என ஒரு பழைய நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு வருடம் எழுதினால், உங்கள் கோழிக்கு எதிரி நோயா, குளிரா, கீரியா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சந்தேகம் வந்தால் கால்நடை மருந்தகத்தையோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கோழி நன்றாக வளர்க்கும் அக்காமார்கள், அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது கூடு காலியாகக் கிடந்தால் ராசிப் பேச்சை விட்டுவிட்டு, "எச்சம் எப்படி இருந்தது? எத்தனை நாளில் செத்தன?" என்று கேளுங்கள். அடுத்து தடுப்பூசி போடும் நாளில் அவர் பெயரையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.