உப்பில்லாத கீரைச் சட்டி

மொராக்கோவில் பெர்பர் மக்களின் வீடுகளில் 'தஜீன்' என்றொரு குழம்பு வைப்பார்கள். அது வேகிற மண்சட்டிக்கும் அதே பெயர்தான்! கூம்பு மாதிரி ஒரு மூடி. கறி, வெங்காயம், காய்களைப் போட்டு, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தணலில் வைத்துவிடுவார்கள். மேலே எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். மணிக்கணக்கில் வெந்ததும், குடும்பமே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியால் தொட்டு எடுத்துச் சாப்பிடும். தனித் தட்டு கிடையாது!

ஒரு சட்டிக்குள் ஒரு சமூகத்தின் கதையே வேகும் என்பதைப் பார்க்க மொராக்கோ வரை போக வேண்டியதில்லை. திண்டிவனம் போதும்.

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும்போது பஸ் ஜன்னல் வழியே பார்ப்பீர்களே, அந்தத் திண்டிவனம் வட்டாரம்தான் சங்க காலத்து ஓய்மா நாடு. அரசன் நல்லியக்கோடன். இன்றைக்குத் திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட கிடங்கல் அவனுடைய ஊர். அவன்மீது நத்தத்தனார் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. மொத்தம் 269 அடிகள். பரிசு வாங்கித் திரும்பும் பாணர், வறுமையில் வாடும் இன்னொரு பாணருக்கு வழி சொல்கிறார். கூடவே, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறார்!

எயிற்பட்டினத்தில் (இன்றைய மரக்காணம்தான் அது என்பார்கள்) நெய்தல் நில மக்கள் கள்ளும், சுட்ட குழல்மீன் கருவாடும் தருவார்கள். ஓய்மா நாட்டு வேலூரில், வேட்டுவப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியும். ஆமூரில், கைக்குத்தல் அரிசிச் சோற்றோடு நண்டு. அரண்மனைக்குப் போய்விட்டாலோ, பீமன் எழுதிய சமையல் நூல்படி செய்த உணவு வகைகள், பொன் பாத்திரத்தில்! மன்னனே பக்கத்தில் நின்று உபசரிப்பான்.

இந்த விருந்துகளுக்கு நடுவே, தான் பரிசு பெறுவதற்கு முன் தன் வீட்டு அடுப்படி எப்படி இருந்தது என்றும் அந்தப் பாணர் சொல்கிறார். கறையான் அரித்த பழைய சுவர். தரையில் காளான். அடுப்படியில் குட்டி போட்ட நாய், மடியில் பால் இல்லாததால், பாலுக்கு முட்டும் குட்டிகளைப் பொறுக்கமுடியாமல் குரைக்கிறது. பசியில் இடை ஒடுங்கிப்போன பெண், குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். உப்புப் போடவில்லை. இல்லை, அதனால் போடவில்லை! வெந்ததும் வாசற்கதவைச் சாத்துகிறாள்.

கஞ்சத்தனமா? இல்லவே இல்லை. உள்ளே ஒரு பெரிய சுற்றமே காத்திருக்கிறது. அந்த ஒரு சட்டிக் கீரையை எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். விவரம் புரியாதவர்கள் பார்த்து ஏளனம் செய்துவிடக் கூடாதே என்ற வெட்கத்தில்தான் கதவு மூடியிருக்கிறது.

அக்பரின் சமையற்கூடத்தில் என்னென்ன வெந்தன என்பதை அபுல் ஃபசல் அளவோடு எழுதிவைத்தார். அரண்மனை அடுப்புகளுக்குக் கணக்கு எழுத எப்போதும் ஆள் உண்டு. ஏழையின் அடுப்பு இவ்வளவு துல்லியமாகப் பதிவானது அபூர்வம். அதுவும், மன்னனைப் புகழ எழுதிய பாட்டில்!

இன்றும் ஆடி மாதத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் போய்ப் பாருங்கள். அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவில், அரிசி நொய் சேர்த்துக் கிளறிய கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. கூழும் கீரையும் இல்லாதப்பட்டவர்களின் அன்றாடச் சாப்பாடாக இருந்தவைதான். ஆனால், அன்றைக்கு அது அம்மனுக்குப் படையல். நடுத்தெருவில், எல்லோர் பார்வையிலும் ஊற்றுகிறார்கள். யாரும் கதவைச் சாத்துவதில்லை!