ஒப்புக்குச் சப்பாணி

எங்கள் மடுகரைத் தெருவில் கண்ணாமூச்சி, கபடி எது ஆடினாலும் ஒரு பொடியன் வந்து நிற்பான். விரட்டினால் அழுவான். 'சரி வாடா, நீ ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். ஓடலாம், பிடிக்கலாம். ஆனால் அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. நீங்களும் ஆடியிருப்பீர்கள்.

ஒரு தேசமே ஒருத்தரை அப்படி உட்கார வைத்தது என்றால் நம்புவீர்களா?

ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் தங்கம் யாருடையது? 'அபினவ் பிந்த்ரா, 2008, பெய்ஜிங்.' பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். சரியான பதில்தான். ஆனால் அதற்கு 36 வருஷம் முன்பே ஓர் இந்தியர் பாராலிம்பிக்கில் தனி ஆளாகத் தங்கம் வாங்கிவிட்டார். பெயர் முரளிகாந்த் பேட்கர்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி பக்கத்துக்காரர். 1944ல் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, அங்கே குத்துச்சண்டையில் பேர் வாங்கினார். 1965ல் பாகிஸ்தானோடு போர். உடம்பில் குண்டுகள் பாய்ந்தன. ஒன்று முதுகெலும்பில் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வயசு இருபதுதான்.

அவ்வளவுதான், முடிந்தது என்றுதானே நினைப்போம்? முதுகெலும்பு அடிபட்ட சிப்பாய்களுக்கு விளையாட்டே மருந்து என்று இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1948லேயே காட்டியிருந்தார். பதினாறு பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது. பேட்கருக்கும் அதே மருந்துதான். சிகிச்சைக்காக நீச்சல் குளத்தில் இறங்கினார்.

1968, டெல் அவிவ். பாராலிம்பிக்குக்கு இந்தியா போனது அதுதான் முதல் தடவை. சக்கர நாற்காலி டென்னிஸ் அப்போது பிறக்கவே இல்லை. அது வந்தது 1976ல். பேட்கர் டேபிள் டென்னிஸ் ஆடினார். பதக்கமில்லை.

1972 ஆகஸ்ட், ஜெர்மனியில் ஹைடல்பர்க். 50 மீட்டர் நீச்சல். 37.33 விநாடி. உலக சாதனை, தங்கம்! அந்த மாதக் கடைசியில் அதே ஜெர்மனியின் ம்யூனிக்கில் ஒலிம்பிக் தொடங்கியது. நம்மவர்கள் அங்கிருந்து கொண்டுவந்தது ஹாக்கியில் ஒரே ஒரு வெண்கலம்.

ஊரே கொண்டாடியிருக்கும் என்கிறீர்களா? 1982ல் அர்ஜுனா விருது கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பத்மஸ்ரீ வந்தது 2018ல். தங்கம் வாங்கி 46 வருஷம் கழித்து! அர்ஜுனா கைக்கு வந்தது 2025 ஜனவரியில். அப்போது அவருக்கு வயசு எண்பது.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளை பொது அறிவுப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு வந்தால், பிந்த்ரா பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் இதையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: முரளிகாந்த் பேட்கர், 1972, 37.33 விநாடி.

அந்த மனிதர் ஒப்புக்கு நீந்தவில்லை. கணக்கில் சேர்க்காமல் விட்டது நாம்தான்.