சொந்த மனையில் வானம் தோண்டப் போறீங்களா? ஜேசிபி வருவதற்கு முன் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியவை!

சேமிப்பு, நகைக்கடன், வீட்டுக்கடன் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து, ரெண்டு பேரும் சேர்ந்து வீடு கட்டக் கிளம்பிட்டீங்க. பூமி பூஜைக்கு நாளும் குறிச்சாச்சு. அடுத்தது அஸ்திவாரக் குழி. நம்ம ஊர் மேஸ்திரிகள் பாஷையில் ‘வானம் தோண்டுறது’.

டைல்ஸ் பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். பெயின்ட் சரியில்லைன்னா திரும்ப அடிக்கலாம். ஆனா, மண்ணுக்குள் போன தப்பை வீடு எழும்பிய பிறகு சரிசெய்வது மிகவும் கஷ்டம், செலவும் அதிகம். உங்கள் வீட்டின் அடிப்பகுதியை நீங்கள் கண்ணால் பார்க்க முடிவது இந்தச் சில நாள்கள் மட்டும்தான்.

எல்லை எங்கே இருக்கு?

பட்டாவையும் எஃப்.எம்.பி வரைபடத்தையும் அரசின் இ-சேவை தளத்தில் மொபைலிலேயே பார்க்கலாம். அதில் உள்ள அளவும், இடத்தில் டேப் பிடித்து அளக்கும்போது வரும் அளவும் ஒத்துப்போகிறதா எனப் பாருங்கள். எல்லைக்கல் காணோம் என்றாலோ, அளவு இடித்தாலோ, சர்வேயரை வைத்து அளந்த பிறகே தோண்டுங்கள். பக்கத்து மனைக்காரரும் அப்போது கூட இருந்தால் பின்னாடி பேச்சு வராது.

கட்டட அனுமதி கையில் இல்லாமல் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கும் வசதி இருக்கிறது.

எந்த மண்ணில் நிற்கப்போகுது வீடு?

‘பக்கத்து வீட்டுக்கு 5 அடி போட்டாங்க, நமக்கும் அதே போதும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரும் சேர்ந்து விரிசல் விடும். பள்ளத்தையோ பழைய கிணற்றையோ மூடி மேடாக்கிய மனை என்றால், மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே மண் இறங்கலாம்.

அதனால் மண் பரிசோதனை முதலில், அஸ்திவார டிசைன் அதற்குப் பிறகு. எவ்வளவு ஆழம், எந்த வகை அஸ்திவாரம் என்பதை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும்.

மூலை மட்டம் சரியா?

சுண்ணாம்புப் பொடியால் மார்க் பண்ணியதும் நீங்களே செக் பண்ணலாம். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்து புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி வந்தால் மூலை நேராக இருக்கிறது. ஒருவர் டேப்பைப் பிடிக்க, இன்னொருவர் குறித்துக்கொள்ள, பத்து நிமிட வேலை.

மண் கணக்கு போடுங்க

5 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம் கொண்ட பில்லர் குழி ஒன்றில் 125 கன அடி மண். 12 குழி என்றால் 1,500 கன அடி, அதாவது 15 யூனிட். வெட்டிய மண் உதிர்ந்து இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

இதை மொத்தமாக டிப்பரில் அனுப்பிவிடாதீர்கள். பில்லர் எழுந்த பிறகு குழியை மூட மண் வேண்டும். நல்ல மண்ணை வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம் கிராவலைக் காசு கொடுத்து வாங்குவது டபுள் செலவு. ஆனால், கரிசலையும் களிமண்ணையும் பேஸ்மென்டுக்குள் நிரப்ப வேண்டாம். மண்ணை வெளியே கொண்டுபோக கனிமவளத் துறையின் அனுமதி தேவையா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

குழிக்குள் இறங்குபவர் உயிர்

ஒரு கன அடி மண்ணே 45 கிலோவுக்கு மேல் இருக்கும். நெஞ்சளவு மண் சரிந்தாலே மூச்சு முட்டிவிடும். 5 அடிக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்டவோ, பலகை வைத்து முட்டுக்கொடுக்கவோ சொல்லுங்கள். வெட்டிய மண்ணைக் குழி ஓரத்திலேயே குவிக்க விடாதீர்கள். ஏறி இறங்க ஏணி வேண்டும். ராத்திரியில் குழியைச் சுற்றி கயிறு கட்டி வையுங்கள், தெருப் பிள்ளைகள் விளையாடும் இடம்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தால், ஒரே நாளில் முழு நீளத்துக்கும் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டுவது எப்படி என்று இன்ஜினீயரிடம் கேளுங்கள்.

கான்கிரீட்டுக்கு முன் கடைசிப் பார்வை

மழைத்தண்ணீர் தேங்கினால் மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, சேறான மண்ணையும் வழித்தெடுக்க வேண்டும். தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டிவிட்டால், உதிரி மண்ணைப் போட்டு மட்டம் செய்யக் கூடாது. அந்த இடத்தை கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். கரையான் மருந்து எந்தெந்தக் கட்டத்தில் அடிப்பது என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு குழியிலும் டேப் வைத்து, ஆழம் தெரியும்படி போட்டோ எடுங்கள். குழி நம்பரோடு ஒரு ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். நாளைக்கு மாடி எடுக்கும்போது, ‘கீழே என்ன இருக்கு?’ என்று இன்ஜினீயர் கேட்டால் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

இன்னொன்று... குழியின் அடியில் மண் வேறு மாதிரி வந்தாலோ, தண்ணீர் ஊறினாலோ ஜேசிபி வாடகை ஓடுதே என்று பதறாமல் வேலையை நிறுத்திவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். கூடுதல் ஆழத்துக்கு என்று பட்ஜெட்டில் கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் உங்கள் இருவருக்குள் சண்டையும் வராது, அவசர முடிவும் வராது.