சி மொழியில் ‘ஆம்’ இல்லாத காலம்

கம்ப்யூட்டர் என்றாலே 0, 1 தானே, ஆம் அல்லது இல்லை தானே என்று பலரும் நினைக்கிறார்கள். நான் இத்தனை வருடம் சோறு சாப்பிட்ட சி மொழியில், அந்த ஆம்-இல்லைக்கென்று தனியாக ஒரு வகையே வெகுகாலம் கிடையாது என்றால் இன்று படிக்கும் பிள்ளைகள் நம்புவதில்லை. அந்தக் குறையால் வந்த வினை ஒன்றில் எனக்கும் பங்குண்டு. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பழைய கதையை எடுத்தேன்.

ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து, அயர்லாந்தில் கார்க் நகரத்துக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனவர். 1854-இல் வெளியிட்ட நூலில் தர்க்கத்தை அல்ஜீப்ரா போல எழுதிக் காட்டினார். அவர் பெயரால்தான் ஆம்-இல்லை மதிப்பை ‘பூலியன்’ என்கிறோம். அல்கால் 60 மொழியிலேயே இதற்குத் தனி வகை இருந்தது. ஃபோர்ட்ரானில் ‘லாஜிக்கல்’ என்ற பெயரில் இருந்தது. பாஸ்கலிலும் உண்டு.

பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி-யில் மட்டும் ஏன் இல்லை? அதன் வம்சாவளி அப்படி. பி.சி.பி.எல். என்ற மொழியிலிருந்து கென் தாம்சனின் பி மொழி வந்தது, அதிலிருந்து சி வந்தது. முன்னோர் இருவருக்கும் டேட்டா டைப் என்பதே கிடையாது. எல்லாம் ஒரே அளவுப் பெட்டி, உள்ளே ஏதோ எண். சி அதில் வகைகளைச் சேர்த்தது. ஆனால் ஆம்-இல்லைக்கு முழு எண்ணே போதும் என்று விட்டுவிட்டது. 0 என்றால் இல்லை. 0 தவிர எதுவானாலும் ஆம். 1-ம் ஆம்தான், 2-ம் ஆம்தான், மைனஸ் 7-ம் ஆம்தான்.

இந்த ஏற்பாடு சிக்கனமானது, வேகமானது. வம்பு எங்கே என்றால், ‘இல்லை’ ஒன்றுதான், ‘ஆம்’ ஆயிரம்.

மொழி கொடுக்காததை அவரவர் செய்துகொண்டார்கள். எக்ஸ் விண்டோவின் அடிப்படை நூலகத்தில் ‘பூல்’ என்பது இன்ட். அதே எக்ஸ் விண்டோவின் மேலடுக்கில் ‘பூலியன்’ என்பது பொதுவாக ஒரு பைட் கொண்ட சார். விண்டோஸில் அது இன்ட். விஷுவல் பேசிக்கில் ட்ரூ என்றால் மைனஸ் 1. ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு படி வைத்து அரிசி அளந்த கதைதான்.

எங்களைப் போன்றவர்கள் அந்தக் காலத்தில் செய்த முதல் தவறு, ட்ரூ என்பதை 1 என்று வைத்துக்கொண்டு, வந்த விடை ட்ரூவுக்குச் சமமா என்று கேட்பது. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு எழுத்து ஆங்கில எழுத்துதானா என்று சோதிக்கும் வசதி, பெரிய எழுத்துக்கு 1 தரும், சிறிய எழுத்துக்கு 2 தரும். இரண்டும் ஆம்தான். ட்ரூவுக்குச் சமமா என்று கேட்டால் பெரிய ‘ஏ’ எழுத்தாகும், சிறிய ‘ஏ’ எழுத்தாகாது!

இப்போது என் கதை. 1990-களின் நடுவில், சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். வங்கிக் கணக்குகளைக் கையாளும் ஒரு புரோகிராம், நான்கு விதமான யூனிக்ஸ் இயந்திரங்களில் ஓட வேண்டும். கம்பைலர்களும் நான்கு. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகளை மூடி மறைக்கும் ஹெடர் கோப்பை எழுதியவன் நான். அதில் பூலியனும் உண்டு.

இங்கே ஒரு தொழில் சங்கடம். சி-யில் புதுப் பெயர் கொடுக்க இரண்டு வழி: டிஃபைன், டைப்டெஃப். டிஃபைன் செய்த பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். டைப்டெஃப் செய்ததைக் கேட்க முடியாது. இரண்டாவது முறை வேறு விதமாக அறிவித்தால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே நான் எழுதியது இது: இந்த இயந்திரத்தில் பூலியன் ஏற்கெனவே டிஃபைன் ஆகியிருந்தால் அதையே வைத்துக்கொள், இல்லாவிட்டால் சார் என்று வைத்துக்கொள். ஒரு பைட் போதுமே, இடம் மிச்சம் என்று நினைத்தேன். அதன்படி மூன்று இயந்திரங்களில் பூலியன் இன்ட் ஆயிற்று. ஒன்றில் மட்டும் சார்.

ஒவ்வொரு கணக்குக்கும் சில குறிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். எட்டுக் குறிகள் வரை பிரச்சினை இல்லை. ஒன்பதாவதாக ‘கணக்கு முடக்கப்பட்டது’ என்ற குறியைச் சேர்த்தோம். ஒன்பதாவது பிட்டின் மதிப்பு 256. முடக்கமா என்று கேட்டால், முடக்கம் என்பதற்கு 256 விடையாக வரும். இன்ட்டில் அது 256, ஆம். ஒரு பைட்டில் 256 கொள்ளாது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999 தாண்டினால் 00000 காட்டுமே, அதுபோல 0 ஆகிவிடும். முடக்கிய கணக்கு, அந்த ஒரு இயந்திரத்தில் மட்டும், பணம் எடுக்கத் தாராளமாகத் திறந்து கிடந்தது.

நல்ல வேளை, வாடிக்கையாளரின் சோதனையிலேயே அகப்பட்டது. அந்தப் பகுதியை எழுதியவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பையன்.

“சார், என் மெஷின்ல சரியா வருது சார்” என்றான்.

“உன் மெஷின்ல வந்தாப் போதுமா? பணம் போனா யாரு பதில் சொல்றது?” என்று நாலு பேர் முன்னிலையில் கத்தினேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு தாளுடன் வந்தான். பூலியனின் அளவை நான்கு இயந்திரங்களிலும் அச்சிட்டுப் பார்த்திருந்தான். “இதுலெல்லாம் நாலுன்னு வருது சார், இதுல மட்டும் ஒண்ணுன்னு வருது” என்றான். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. ஹெடர் கோப்பில் ஒரு வரியை மாற்றி, எல்லா இடத்திலும் இன்ட் ஆக்கினேன். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் ‘புரோகிராமரின் கவனக்குறைவு’ என்றிருந்தது. அதை நான் திருத்தவில்லை. அந்த வருடச் சம்பள உயர்வில் அவனுக்குக் குறைத்துக் கொடுத்தார்கள்.

1999-இல் வந்த சி தரம்தான் இதற்கு மருந்து கொடுத்தது. பூல் என்ற பெயரை ஊரெல்லாம் ஏற்கெனவே வைத்திருந்ததால், முன்னால் அடிக்கோடு போட்ட ஒரு பெயரில் புது வகையைச் சேர்த்தார்கள். பழைய பெயர் வேண்டுபவர்கள் தனி ஹெடரைச் சேர்த்துக்கொள்ளலாம். முக்கியமானது பெயரல்ல, விதி: 0 அல்லாத எதை அதில் போட்டாலும் அது 1 ஆகும். 256 போட்டாலும் 1. இந்த விதியை டைப்டெஃப் போட்டுப் பழைய கம்பைலரில் கொண்டுவரவே முடியாது. பெயரைப் போலி செய்யலாம், குணத்தைப் போலி செய்ய முடியாது. மைக்ரோசாஃப்டின் கம்பைலருக்கு அந்த ஹெடர் 2013-இல்தான் வந்தது. அதுவரை, இரண்டு பக்கமும் ஓட வேண்டியவர்கள் போலியோடுதான் காலம் தள்ளினார்கள். 2024-இல் வெளியான சி23 தரத்தில்தான் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள் ஆயின.

பழைய கம்பைலருக்கு எழுதுகிறவர்களுக்கு என் அனுபவம் இதுதான்: விடையைத் திருப்பித் தரும் இடத்திலேயே ‘0-க்குச் சமமில்லையா’ என்று கேட்டு, 0 அல்லது 1 ஆக்கிவிடுங்கள். ட்ரூவோடு ஒருபோதும் ஒப்பிடாதீர்கள்.

2012-இல் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. கடவுச்சொல்லை ஒப்பிட்டு வரும் விடையை, ஒரு பைட் அளவுள்ள சொந்த பூலியனில் திருப்பித் தந்திருந்தார்கள். அங்கே 0 என்றால் பொருந்தியது என்று அர்த்தம். சில இயந்திரங்களில் ஒப்பீட்டின் விடை ஒரு பைட்டில் அடங்காத எண்ணாக வரும். அதன் கடைசி எட்டு பிட்டும் 0 ஆக அமைந்துவிட்டால் தவறான கடவுச்சொல்லும் சரியாகிவிடும். ஏறத்தாழ 256 முயற்சிக்கு ஒருமுறை கதவு திறந்தது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நினைவுக்கு வந்தது டேட்டாபேஸ் அல்ல, தாளைக் கையில் பிடித்து நின்ற அந்தப் பையன்.

அந்த அறிக்கையில் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். பிழை ஹெடர் கோப்பில் இருந்தது. அதை எழுதியவன் நான். கண்டுபிடித்தவன் அவன்.